செயற்கைக்கோள் இருந்தும் அப்பாவின் படகு ஏன் தெரியவில்லை?

வாசகர் கேள்வி: நான் வேதாரண்யத்தை அடுத்த ஒரு மீனவக் கிராமத்தைச் சேர்ந்தவள். பொறியியல் கல்லூரியில் மின்னணுவியல், தகவல் தொடர்பியல் பிரிவில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சென்ற மார்கழியில் அப்பாவும் இன்னும் மூன்று பேரும் போன ஃபைபர் படகின் இன்ஜின் நடுக்கடலில் நின்றுவிட்டது. இரண்டு இரவும் ஒரு பகலும் நீரோட்டத்தோடு போனார்கள். மூன்றாம் நாள் விடியலில் காரைக்கால் விசைப்படகு ஒன்று கண்டு, கயிறு கட்டி இழுத்து வந்தது. கடலில் ஒரு துரும்பு அசைந்தாலும் கடற்படைக்குச் செயற்கைக்கோள் வழியாகத் தெரியும் என்கிறார்களே, எங்கள் படகு ஏன் தெரியவில்லை? படகில் வைக்கக் கொடுத்த, செயற்கைக்கோளோடு பேசும் டிரான்ஸ்பாண்டர் பெட்டியை அப்பா அணைத்தே வைத்திருக்கிறார். அதைப் போட்டால் நாம் போகிற இடமெல்லாம் மேலே தெரிந்துவிடும் என்கிறார். கடற்படை செயற்கைக்கோளை உண்மையில் எதற்குப் பயன்படுத்துகிறது? இந்தத் துறைக்கு வர நான் என்ன படிக்க வேண்டும்?

பதில்:

அன்புள்ள மகளுக்கு,

நால்வரும் கரை சேர்ந்தார்கள் என்பதைப் படித்த பிறகே கடிதத்தின் மற்ற வரிகள் என் கண்ணில் பட்டன. கடற்படையில் தகவல் தொடர்புப் பிரிவில் 28 ஆண்டுகள் பணியாற்றி, இப்போது தஞ்சாவூரில் வசிக்கிறேன். எனக்குத் தெரிந்த அளவில், வெளியே சொல்லத்தக்கதை மறைக்காமல் சொல்கிறேன்.

துரும்பு அசைந்தாலும் தெரியும் என்பது உண்மையில்லை. 'எல்லாம் தெரிந்தும் எங்களைத் தேடவில்லையே' என்ற உங்கள் மனக்குறையும், 'எல்லாம் தெரிந்துவிடும்' என்ற அப்பாவின் அச்சமும் இந்த ஒரே நம்பிக்கையிலிருந்து முளைத்தவை. அதனால் முதலில் அதைச் சரி செய்துகொள்வோம்.

பூமியைப் படம் எடுக்கும் செயற்கைக்கோள்கள் பெரும்பாலும் ஐந்நூறு முதல் எண்ணூறு கிலோமீட்டர் உயரத்தில், நொடிக்கு ஏறத்தாழ ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருப்பவை. கோடியக்கரைக் கடலுக்கு மேலே அவற்றில் ஒன்று வருமானால், சில நிமிடங்களில் கடந்து போய்விடும். மீண்டும் அதே பாதையில் வரப் பல நாட்கள் ஆகும். கடைமடைப் பகுதியில் வளர்ந்த உங்களுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுவதைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது என்பதாலேயே நம் வயலுக்கு இன்றைக்கு வந்துவிடாது. நம் முறை வர வேண்டும், மடை திறந்திருக்க வேண்டும். செயற்கைக்கோளின் பார்வையும் அப்படித்தான். அது மேலே வர வேண்டும், அந்த இடத்தைப் படம் எடுக்குமாறு முன்கூட்டியே கட்டளை போயிருக்க வேண்டும், எடுத்த படம் தரை நிலையத்தில் இறங்க வேண்டும், அதை ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இந்த இடைவெளிக்குள் கடலில் என்ன நடக்கும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். மணிக்கு 20 கடல் மைல், அதாவது 37 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஒரு கப்பலைக் காலை ஆறு மணிக்குப் படம் எடுத்தால், மாலை ஆறு மணிக்கு அது அந்தப் புள்ளியைச் சுற்றி 444 கிலோமீட்டருக்குள் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். அந்த வட்டத்தின் பரப்பு தமிழ்நாட்டைப் போல நான்கு மடங்குக்கும் அதிகம்.

மார்கழி மேகத்துக்குள் சாதாரண ஒளிப்படக் கருவி எதையும் காணாது. அங்கே உதவுவது ரேடார் செயற்கைக்கோள். தானே நுண்ணலையை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைக் கொண்டு படம் வரைவதால் அதற்கு இரவும் மேகமும் தடையல்ல. நம் நாடு 2009-இல் ரிசாட்-2, 2012-இல் ரிசாட்-1, 2022-இல் இஓஎஸ்-04 என்று இந்த வரிசையில் ஏவியிருக்கிறது. ரேடார் படத்தில் கடல் கருமையாக இருக்கும். இரும்புக் கப்பல் அதில் வெள்ளைப் பொட்டாக மின்னும். இத்தகைய படத்தை முதன்முறை பார்த்தபோது நான் குழம்பியது நினைவிருக்கிறது. ஒரு கப்பல் தண்ணீரைக் கிழித்துச் சென்ற தடம் நீளமாகத் தெரிகிறது. ஆனால் கப்பல் அந்தத் தடத்தின் முனையில் இல்லை, பக்கவாட்டில் தள்ளி, தடத்தோடு தொடர்பே இல்லாததுபோல் நிற்கிறது. படம் தவறானதல்ல. எதிரொலியின் அதிர்வெண் மாற்றத்தை வைத்தே ரேடார் இடத்தைக் கணக்கிடுகிறது. கப்பலே நகரும்போது அதன் இயக்கமும் அந்தக் கணக்கில் கலந்துவிடுகிறது. ரேடாரை நோக்கியோ விலகியோ பத்து கடல் மைல் வேகத்தில் போகும் கப்பல், படத்தில் ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் தள்ளித் தெரியும். அனுபவமுள்ளவர்கள் அந்த விலகலை அளந்து, கப்பலின் வேகத்தையே சொல்லிவிடுவார்கள்.

இப்போது அப்பாவின் படகை அந்தப் படத்தில் வைத்துப் பாருங்கள். ஐரோப்பாவின் சென்டினல்-1 என்ற ரேடார் செயற்கைக்கோள் ஒரே வீச்சில் 250 கிலோமீட்டர் அகலத்தைப் படம் எடுக்கும். அப்போது அது பிரித்தறியும் நுணுக்கம் ஒரு பக்கம் 5 மீட்டர், மறு பக்கம் 20 மீட்டர். நம் ஊர் ஃபைபர் படகின் நீளம் ஒன்பது, பத்து மீட்டர். கண்ணாடி இழை நுண்ணலையை இரும்பைப் போல் திருப்பி அனுப்பாது. அலை ஒரு ஆள் உயரம் எழும்பும் காலத்தில் அலையின் எதிரொலியே படகின் எதிரொலியை விழுங்கிவிடும். இன்னும் நுணுக்கமாகப் பார்க்கலாம். ஆனால் நுணுக்கம் கூடக் கூடப் படத்தின் அகலம் குறுகிப்போகும், எங்கே பார்ப்பது என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். இன்ஜின் நின்ற படகு மணிக்கு ஒரு கடல் மைல் வீதம் நாற்பது மணி நேரம் இழுத்துச் செல்லப்பட்டால், கடைசியாகப் பேசிய இடத்திலிருந்து எழுபது கிலோமீட்டருக்கு அப்பால் போயிருக்கும். அன்று படகு தெரியாமல் போனதற்கு யாரும் கண்ணை மூடிக்கொண்டிருந்தது காரணமாக இருக்க வேண்டியதில்லை.

பார்வை இவ்வளவு குறைபாடு உடையது என்றால் கடற்படைகள் எதை நம்புகின்றன? பார்ப்பதைவிடக் கேட்பதை நம்புகின்றன என்பேன். சர்வதேசப் பயணம் செல்லும் 300 டன்னுக்கு மேற்பட்ட சரக்குக் கப்பல்கள் ஏஐஎஸ் என்ற தானியங்கி அடையாளக் கருவியை வைத்திருக்க வேண்டும். பெயர், இடம், வேகம், போகும் திசை ஆகியவற்றை அது வி.எச்.எஃப் அலைவரிசையில் ஓயாமல் ஒலிபரப்பும். கப்பல்கள் ஒன்றோடொன்று மோதாமல் இருப்பதற்காக வந்த கருவி அது. அந்த ஒலிபரப்பு வானுக்கும் போகிறது என்பதால் செயற்கைக்கோளில் ஒரு ஏற்பியை வைத்துக் கேட்கத் தொடங்கினார்கள். 2011-இல் நாம் ஏவிய ரிசோர்ஸ்சாட்-2 அத்தகைய ஏற்பி ஒன்றைச் சுமந்து சென்றது. இதன் அருமை இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதில் இருக்கிறது. ஏஐஎஸ் பட்டியலை ரேடார் படத்தின் மேல் பொருத்தும்போது, பெரும்பாலான வெள்ளைப் பொட்டுகளுக்குப் பெயர் கிடைத்துவிடும். பெயர் கிடைக்காத பொட்டு எதுவோ, அதை நோக்கி விமானமோ ரோந்துக் கப்பலோ போகும். மும்பையில் 2008 நவம்பரில் கடல் வழியாக வந்த தாக்குதலுக்குப் பிறகு, கடலோர ரேடார்கள், ஏஐஎஸ், இன்னும் பல மூலங்களை ஒரே திரையில் சேர்க்கும் மையம் குருகிராமில் அமைக்கப்பட்டு 2014-இல் திறக்கப்பட்டது. மற்ற நாடுகளோடு கப்பல் போக்குவரத்துத் தகவலைப் பகிரும் மையமும் அதே ஊரில் 2018 டிசம்பரில் தொடங்கப்பட்டது. அரக்கோணம் ராஜாளி தளத்திலிருந்து புறப்படும் பி-8ஐ கண்காணிப்பு விமானங்கள் வங்கக் கடலை முழுவதும் சல்லடை போட முடியாது. எங்கே போக வேண்டும் என்பதைச் சொல்லிவிட்டால் அவை போய்ப் பார்த்துவரும்.

கேட்பது என்பது ஏஐஎஸ்ஸோடு முடிவதில்லை. கப்பல் தன் ரேடாரை இயக்கினாலே அது ஒரு கூப்பாடுதான். அமெரிக்கக் கடற்படை ஆய்வகம் 1960 ஜூனில் ஏவிய கிராப் என்ற சிறிய செயற்கைக்கோள், சோவியத் ரேடார்களின் அலையைக் கேட்பதற்காகவே செய்யப்பட்டது. சோவியத் நாடோ கடலில் போகும் கப்பல்களைத் தேட அணு உலையால் இயங்கும் ரேடாரை வானத்துக்கு அனுப்பியது. அவற்றில் ஒன்றான காஸ்மாஸ்-954, 1978 ஜனவரியில் கட்டுப்பாடு இழந்து கனடாவின் வடமேற்கில் கதிரியக்கச் சிதறல்களாக விழுந்தது. ஏவுகணைகள் அடிவானத்துக்கு அப்பால் பாயத் தொடங்கியதும், அங்கே யார் இருக்கிறார்கள் என்று அறிய எந்த விலையும் கொடுக்கத் துணிந்தார்கள். அந்தத் துணிச்சல் எனக்கு இன்றும் அச்சம் தருகிறது.

என் வாழ்நாள் கழிந்தது மூன்றாவது வேலையில்: பேசுவதில். கடற்படைக்கெனச் செயற்கைக்கோள் இருக்கிறது என்று நீங்கள் கேள்விப்பட்டது ஜிசாட்-7 ஆக இருக்க வேண்டும். ருக்மிணி என்று அழைக்கப்படும் அது, 2013 ஆகஸ்ட் 30 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து ஏரியான் ராக்கெட்டில் புறப்பட்டது. எடை 2,650 கிலோ. அதற்குப் பின்வந்த சிஎம்எஸ்-03, 4,400 கிலோ எடையோடு, 2025 நவம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்தே நம் எல்விஎம்-3 ராக்கெட்டில் ஏறியது. இவை படம் எடுப்பவை அல்ல. பூமத்திய ரேகைக்கு மேலே 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நின்ற இடத்திலேயே நிற்பதுபோல் சுற்றி, ஒரு கப்பலின் பேச்சை வாங்கி இன்னொரு கப்பலுக்கோ கரைக்கோ கொடுப்பவை.

இதன் அருமை தெரிய, அது இல்லாத காலத்தைப் பார்த்திருக்க வேண்டும். நான் 1986-இல் பணியில் சேர்ந்தபோது கரையோடு பேச ஹெச்.எஃப் வானொலியைத்தான் நம்பியிருந்தோம். அதன் அலை வான மண்டலத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்புவது. பகலில் பேசிய அதிர்வெண்ணில் இரவில் பேச முடியாது. பொழுது சாயும் நேரத்தில் ஒன்றை விட்டு மற்றொன்றைப் பிடிப்பதற்குள் காதில் இரைச்சல் மட்டுமே மிஞ்சும். ஒரு செய்தியை மூன்று முறை திரும்பக் கேட்டு எழுதியிருக்கிறேன். செயற்கைக்கோள் வந்த பிறகு, ஒரு கப்பல் ரேடாரில் கண்டது அடிவானத்துக்கு அப்பால் இருக்கும் மற்றக் கப்பல்களின் திரையிலும் உடனே தெரிகிறது. ஒரு கப்பல் பார்த்தால் எல்லாக் கப்பலும் பார்த்த மாதிரி.

போர்க்கப்பலின் படத்தில் மேல்தளத்தில் வெள்ளை நிறத்தில் பெரிய உருண்டைகள் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அதன் உள்ளே ஒரு கிண்ண ஆன்டெனா இருக்கிறது. கப்பல் இடதும் வலதும் உருள, மூக்கு எழுந்து அமிழ, அந்தக் கிண்ணம் அதற்கு நேரெதிராகத் திரும்பித் திரும்பி வானில் ஒரே புள்ளியைப் பார்த்துக்கொண்டே இருக்கும். மூடியைத் திறந்து பழுது பார்க்கும்போது, தளத்தில் கால் ஊன்ற முடியாமல் நாங்கள் தடுமாற, கிண்ணம் மட்டும் அசையாமல் நிற்பதுபோல் தோன்றும். கப்பல் திரும்பும்போது கொடிமரமோ புகைபோக்கியோ குறுக்கே வந்துவிட்டால் தொடர்பு அறுந்துபோகும்; அதனால்தான் பெரிய கப்பல்களில் இரு பக்கமும் ஒவ்வொன்று வைக்கிறார்கள். மூழ்கியிருக்கும் நீர்மூழ்கிக்கு இந்த வசதி இல்லை, கடல்நீருக்குள் இந்த அலைகள் இறங்குவதில்லை. மிகத் தாழ்ந்த அதிர்வெண் மட்டுமே சில மீட்டர் ஆழம் வரை இறங்கும். அதற்காகத்தான் திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் கட்டபொம்மன் தளம் 1990 முதல் இயங்கி வருகிறது. செயற்கைக்கோள் தீர்த்துவைக்காத வேலைகளும் உண்டு என்பதற்காக இதைச் சொன்னேன்.

இடம் அறிவது அப்பாவுக்குப் பழக்கமானது; அவர் கையில் இருக்கும் ஜிபிஎஸ்ஸின் பாட்டன் கடற்படைக்காகப் பிறந்தவன். ஸ்புட்னிக் 1957-இல் பறந்தபோது, அதன் வானொலிச் சமிக்ஞையின் அதிர்வெண் ஏற்ற இறக்கத்தை வைத்தே அதன் பாதையைக் கணக்கிடலாம் என்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வகத்தில் இருவர் கண்டார்கள். திருவாரூர் சந்திப்பில் நிற்காமல் போகும் ரயிலின் ஊதல், நம்மைக் கடக்கும் நொடியில் தணிவதைக் கேட்டிருப்பீர்களே, அதே விதிதான். பாதை தெரிந்தால், கேட்பவரின் இடத்தைக் கண்டுபிடிக்கலாம் என்று கணக்கைத் திருப்பிப் போட்டதில் பிறந்தது டிரான்சிட் என்ற இடமறியும் செயற்கைக்கோள் அமைப்பு. அமெரிக்க நீர்மூழ்கிகளுக்காக 1964-இல் பயன்பாட்டுக்கு வந்து, 1967-இல் பிறருக்கும் திறக்கப்பட்டு, 1996 வரை இருந்தது. அதைக் கொண்டு ஒரு முறை இடம் அறிய, செயற்கைக்கோள் தலைக்கு மேல் வரும்வரை ஒரு மணி நேரத்துக்கு மேலும் காத்திருந்ததுண்டு. இடைப்பட்ட நேரத்தில் வேகத்தையும் திசையையும் வைத்துக் கணக்குப் போட்டு ஓட்டுவோம். இன்று நொடிக்கு நொடி இடம் தெரிகிறது. தெரிவதாலேயே அதைக் கண்ணை மூடி நம்புகிறார்கள். அது ஆபத்து. 2017 ஜூனில் கருங்கடலில் நோவோரோசிஸ்க் துறைமுகத்தருகே இருந்த கப்பல்களின் ஜிபிஎஸ், அவை முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு விமான நிலையத்தில் நிற்பதாகக் காட்டியது. யாரோ பொய்ச் சமிக்ஞை அனுப்பியதற்கான அடையாளம் அது. கடற்படைகளில் இன்றும் செக்ஸ்டன்ட் கருவியால் விண்மீன் உயரம் அளக்கக் கற்றுத்தருவது இதனால்தான். ஜிபிஎஸ் போல நமக்கென்று அமைத்த நாவிக் என்ற இடமறியும் அமைப்பில், முதலில் ஏவிய சில செயற்கைக்கோள்களின் அணுக் கடிகாரங்கள் பழுதாகின. கடிகாரத்தில் ஒரு மைக்ரோ நொடி பிசகினால் கடலில் 300 மீட்டர் பிசகும். 2023 மே மாதம் ஏவிய என்விஎஸ்-01 நம் நாட்டிலேயே செய்த கடிகாரத்தைக் கொண்டு சென்றது. 2025 ஜனவரியில் ஏவிய அடுத்தது உரிய சுற்றுப்பாதையை எட்டவில்லை. இந்த இடைவெளி விரைவில் நிரப்பப்பட வேண்டும் என்பது என் அழுத்தமான கருத்து.

கடலைப் படிக்கும் செயற்கைக்கோள்களை அப்பாவும் கடற்படையும் பங்கிட்டுக் கொள்கிறார்கள். ஓசன்சாட் வரிசை கடல்நீரின் நிறத்தைப் பார்க்கிறது. அதையும் மேல்நீரின் வெப்பத்தையும் வைத்து, மீன் கூடக்கூடிய இடங்களை ஐதராபாத்தில் உள்ள இன்கோய்ஸ் நிறுவனம் அறிவிக்கிறது. வெப்பமும் உப்பும் ஆழத்துக்கு ஆழம் மாறும் விதத்தைப் பொறுத்தே நீருக்கடியில் ஒலி வளையும் என்பதால், நீர்மூழ்கியைத் தேடுபவருக்கும் ஒளிந்திருப்பவருக்கும் இதே வகைத் தகவல் உயிர்நாடி.

இனி அப்பாவின் டிரான்ஸ்பாண்டர். ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளில் இலவசமாகப் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. அது ஜிசாட்-6 வழியாகப் பேசுகிறது. அந்தச் செயற்கைக்கோளில் ஆறு மீட்டர் அகலத்தில் குடைபோல் விரியும் ஆன்டெனா இருப்பதால்தான், படகில் ஒரு சிறு பெட்டி போதுமானதாக இருக்கிறது. கைபேசிக் கோபுரம் எட்டாத ஆழ்கடலிலிருந்து ஆபத்துச் செய்தி அனுப்பவும், புயல் எச்சரிக்கையைப் பெறவும் அது உதவும். சர்வதேச கடல் எல்லையை நெருங்கினால் எச்சரிக்கும். ஒக்கி புயலின்போது 2017-இல் கடலில் இருந்தவர்களுக்குச் செய்தி சொல்ல வழியில்லாமல் போனதை மறக்க முடியாது.

போட்டால் இடம் தெரியுமா என்றால், தெரியும். அப்பாவிடம் அதை மழுப்ப வேண்டாம். கோடியக்கரைக்குத் தெற்கே தொழில் செய்பவர்களுக்கு எல்லையைப் பற்றிய அச்சம் எவ்வளவு நியாயமானது என்பது எனக்குத் தெரியும். அதற்கான தீர்வு இரு நாட்டு அரசுகளும் பேசி வர வேண்டியது, ஒரு பெட்டியை அணைத்து வைப்பதால் வராது. அணைத்த பெட்டி படகை எல்லையின் மறுபக்க ரேடாரிலிருந்து மறைப்பதில்லை. ஆபத்து நேரத்தில் தேடி வருபவர்களிடமிருந்துதான் மறைக்கிறது. அப்பாவிடம் நான் நேரில் பேசினால் இதை மட்டுமே சொல்வேன்.

அதோடு சில காரியங்களை உடனே செய்யுங்கள். பெட்டியை வலைக் குவியலின் அடியிலோ தார்ப்பாய்க்கு உள்ளேயோ வைக்காமல், வானம் தெரியும் இடத்தில் கட்டச் சொல்லுங்கள்; ஆபத்துப் பொத்தானை இருட்டில் தடவிப் பார்த்தே அழுத்த நால்வருக்கும் தெரிய வேண்டும். ஒவ்வொரு முறையும் புறப்பட்ட நேரம், போகும் திசை, எத்தனை பாகம் ஆழத்தில் வலை விடுவார்கள் என்பதை வீட்டில் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். திரும்ப வேண்டிய நேரம் தவறினால், விடியட்டும் என்று காத்திராமல் கடலோரக் காவல்படையின் 1554 எண்ணை அழைத்து அந்த விவரங்களைப் படித்துக் காட்டுங்கள். கடைசியாக இருந்த இடமும் நேரமும் கிடைத்தால், காற்றையும் நீரோட்டத்தையும் கொண்டு படகு எங்கே போயிருக்கும் என்று கணக்கிட இன்கோய்ஸ் 2016-இல் சாரட் என்ற கருவியை உருவாக்கியிருக்கிறது. அந்த இடமும் நேரமும் தெரியாமல் செயற்கைக்கோளுக்கும் விமானத்துக்கும் எங்கே பார்ப்பது என்று யாராலும் சொல்ல முடியாது.

படிப்பைப் பற்றி: உங்கள் பிரிவே பொருத்தமானது. சமிக்ஞைப் பகுப்பாய்வையும் ஆன்டெனாவையும் தேர்வுக்காக அல்லாமல் ஆழமாகப் படியுங்கள். டேராடூனில் உள்ள இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் இணையவழி இலவசப் பாடங்கள் நடத்துகிறது. கடற்படையில் குறுகிய காலப் பணி அதிகாரிகளாகப் பெண்களைச் சேர்க்கிறார்கள். இஸ்ரோவும் சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனமும் உங்களுக்குத் திறந்த கதவுகள்.

அதற்கு முன் ஒரு வேலை தருகிறேன். சென்டினல்-1 படங்கள் இணையத்தில் எவருக்கும் இலவசம். நாகப்பட்டினம், காரைக்கால் கடலின் படம் ஒன்றைத் தரவிறக்குங்கள். வெள்ளைப் பொட்டுகளை எண்ணுங்கள். காரைக்கால் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்ட கப்பல்கள் எவை, ஓடும் கப்பல்கள் எவை என்று தடத்தை வைத்துப் பிரியுங்கள். பிறகு அதே நாளில் எத்தனை ஃபைபர் படகுகள் நம் கரையிலிருந்து கடலில் இருந்தன என்று அப்பாவிடம் கேட்டு, அவற்றில் எத்தனை அந்தப் படத்தில் தெரிகின்றன என்பதை அவர் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டுங்கள். என்ன கண்டீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.